எண்டோதீலின்

இரத்தக் குழாயின் உட்சுவரில் ஒற்றை அடுக்காகப் படர்ந்துள்ள உயிரணுப் படலத்திற்கு எண்டோதீலியம் என்னும் பெயரை 1865இல் சுவிட்சர்லாந்து உடற்கூற்றியலாளர் வில்ஹெல்ம் ஹிஸ் வழங்கினார். ‘உள்ளே’ என்று பொருள்படும் ‘எண்டான்’ என்பதோடு சேர்ந்த ‘தீலே’ கிரேக்கத்தில் முலைக்காம்பைக் குறிப்பது, முன்பே வழங்கிய ‘எபிதீலியம்’ என்பதன் வழியாக வந்து ஒட்டியது, குழாயோடு பொருட்தொடர்பு இல்லாதது. அப்படலம் சுரக்கும், 21 அமினோ அமிலங்களாலான சமிக்ஞை மூலக்கூறே எண்டோதீலின். இதனை 1988இல் ஜப்பானின் சுகுபா பல்கலைக்கழகத்தில் யானகிசாவா குழுவினர் கண்டறிந்தனர்.

இது குழாய்த் தசையைச் சுருக்க, அதே படலம் வெளியிடும் நைட்ரிக் ஆக்சைடு அத்தசையைத் தளர்த்துகிறது. சமநிலை எண்டோதீலின் பக்கம் சாய்ந்தால் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத் தமனிகள் குறுகுகின்றன. உருக்கு உலைகளும் உருட்டாலைகளும் நெருங்கிய கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை வட்டாரத்தில் எண்டோதீலின் என்னும் சொல் மருத்துவ நூலோடு நின்றுவிடக் கூடாது. மொட்டைமாடியில் படியும் கரும்பொடி கண்ணுக்குத் தெரிகிறது, 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகளோ கண்ணுக்குத் தெரியாமல் நுரையீரலின் ஆழம்வரை சென்று, அழற்சியைத் தூண்டி, எண்டோதீலியத்தின் செயலைக் குலைத்து, அச்சமநிலையைப் பாதிக்கிறது. எனவே புகைபிடிக்காத உலைத் தொழிலாளரின் நெஞ்சுவலியை ஆராயும் மருத்துவர், அவர் பணியிடக் காற்றைப் பற்றியும் கட்டாயம் கேட்டறிய வேண்டும். எண்டோதீலின் ஏற்பிகளை அடைக்கும் போசென்டான் நுரையீரல் தமனி மிகையழுத்தத்திற்கு மருந்தாக வழங்கப்படுகிறது. இதயச் செயலிழப்பில் அது எதிர்பார்த்த பலனைத் தரவில்லை.