முட்டி மடங்கிய கதை

தை பிறந்தா சிராவயல் பொட்டல்ல மஞ்சுவிரட்டு. சிவகங்கைச் சீமையில ஊருக்கு ஊர் வடமாடு, கபடி வேற. 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை, 2017 ஜனவரி மெரினா போராட்டம், 2023 மே மாதத் தீர்ப்பு எல்லாம் நமக்கு அத்துப்படி. மாட்டுக் கொம்பு கிழிச்ச காயத்தைப் பத்தியும் மணிக்கணக்கா பேசுவோம். ஆனா காலை ஊன்றித் திரும்பும்போது முட்டிக்குள்ள 'டப்'புனு சத்தம் கேட்டு அப்படியே உட்கார்ந்துடுறவனைப் பத்திப் பேச்சே இல்லை. ஊர்ல 'ஜவ்வு கிழிஞ்சிருச்சு'ம்பாங்க. பெரும்பாலும் அது முன் சிலுவைத் தசைநார்.

அடுத்து என்ன நடக்கும்? உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைச்சுப் பத்து. 'காலை அசைக்காதப்பா'ன்னு வீட்டுல ஆளாளுக்குக் கட்டளை. சில மாசத்துல வீக்கம் வடிஞ்சிரும். ஆனா முட்டி முழுசா நீளாது, மடங்காது.

நம்ம பெருசுகளைக் குறை சொல்லாதீங்க. உலகத்து டாக்டர்களே நூறு வருஷத்துக்கு மேல இதைத்தான் செஞ்சாங்க!

கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்த காலன், 2-ஆம் நூற்றாண்டுலயே இந்த நாரைப் பத்தி எழுதியிருக்கார். 1852-ல் மதைசென் என்ற டச்சு ராணுவ மருத்துவர் மாவுக்கட்டு முறையை வெளியிட்டார். எலும்பு முறிவுக்கு அது வரப்பிரசாதம். மூட்டுக்கு? இங்கிலாந்தின் ஹ்யூ ஓவன் தாமஸ் 'முழு ஓய்வு' கட்சி. பிரான்சின் லூக்கா ஷாம்பியோனியேர் 'அசைவே மருந்து' கட்சி. ஜெயிச்சது என்னவோ ஓய்வுக் கட்சிதான்.

1895-ல் லீட்ஸ் நகரில் மேயோ ராப்சன் ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு அறுந்த சிலுவை நார்களைத் தைத்தார். 1917-ல் பிரிஸ்டலின் ஹே குரோவ்ஸ், தொடைப்பக்கத்துப் பட்டையை எடுத்துப் புது நாராக்கினார். அறுவை வளர்ந்துச்சு; ஆனா அதுக்கப்புறம் வாரக்கணக்கில் கட்டுப் போட்டு வைக்கிற பழக்கம் மட்டும் 1980-கள் வரை விடலை.

1970 முதல் டொராண்டோவின் ராபர்ட் சால்ட்டர் முயல்களை வெச்சு ஆராய்ந்தார். அசைஞ்சுக்கிட்டே இருக்கிற மூட்டில்தான் குருத்தெலும்பு நல்லா ஆறுதுன்னு காட்டினார்.

இனிமேதான் சுவாரசியம். இண்டியானாபொலிஸ் டாக்டர் ஷெல்போர்ன் ஒண்ணைக் கவனிச்சார். சொன்ன பேச்சைக் கேட்காம சீக்கிரமே காலை நீட்டி மடக்கி நடந்த நோயாளிகளுக்கு முட்டி நல்லா வந்திருந்துச்சு. அடக்க ஒடுக்கமா இருந்தவங்களுக்குத்தான் இறுகிப் போச்சு! அதை வெச்சு அவர் 1990-ல் வெளியிட்ட துரிதப் பயிற்சி முறை உலகத்தையே மாத்துச்சு. அடுத்த வருஷமே இன்னொண்ணும் சொன்னார்: அடிபட்ட முதல் வாரத்திலேயே, வீங்கின முட்டியை அறுத்தா இறுக்கம் அதிகம். வீக்கம் வடிஞ்சு, முட்டி நீட்டி மடங்கின பிறகு செய்யுங்க.

இன்னிக்கும் அடிப்படை இதுதான். முதல்ல வீக்கம் குறையணும். அடுத்தது முழுசா நீட்டுறது, அடுத்த காலுக்குச் சமமா. குதிகாலுக்கு அடியில துண்டைச் சுருட்டி வெச்சு, தொடைத் தசையை இறுக்கி முட்டியைக் கீழே அழுத்துவாங்க. கூடவே குதிகாலைத் தரையில நழுவவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமா மடக்குறது. நீட்டுறதைத் தள்ளிப்போட்டா ஆயுசுக்கும் நொண்டல். வெறியோட அழுத்தி மடக்குறதும் தப்பு, வீக்கம் திரும்பிரும். சவ்வு வட்டையும் தைச்சிருந்தா மடக்குறதுக்கு அளவு உண்டு. டாக்டரையும் பிசியோதெரபிஸ்டையும் கேட்டுட்டே செய்யணும்.

ஒரு விஷயத்தை மட்டும் நாமதான் அவங்களுக்கு எடுத்துச் சொல்லணும். நாற்காலி வாழ்க்கைக்கு 110 டிகிரி மடங்கினா ஓடிரும். வளவுல பந்தியில சம்மணம் போட்டு உட்காரவும், குந்தி எந்திரிக்கவும் சுமார் 130-ஆவது வேணும். 'நடக்கிறீங்கல்ல, போதும்'னு சொன்னாங்கன்னா, 'நான் இலை முன்னாடி கீழே உட்காரணும் சார்'னு கூச்சப்படாம கேளுங்க. மிச்சம் இருபது டிகிரி நமக்குச் சும்மா வந்த கணக்கு இல்லை.