தலைமுறைக்கு நிற்கும் நகை

பிள்ளைகளுக்கு விட்டுச் செல்ல எந்த நகையை வாங்குவது? வரலாற்றைக் கேட்போம்.

1942 ஜனவரியில் ஜப்பானியப் படை மலாக்காவைப் பிடித்தது. அவர்கள் அச்சிட்ட பத்து வெள்ளி நோட்டில் வாழைமரப் படம் இருந்தது. மலாய்க்காரர்கள் அதை ‘டூயிட் பீசாங்’, அதாவது வாழைப்பழக் காசு, என்றார்கள். கணக்கின்றி அச்சடித்ததால் விலைவாசி ஏறியது. அரிசிக்கும் மருந்துக்கும் பல குடும்பங்கள் நகையைத்தான் கொடுத்தன. 1945இல் ஜப்பான் சரணடைந்ததும், சேர்த்து வைத்த நோட்டெல்லாம் வெறும் காகிதமாயிற்று. பொன்னுக்கு அந்தக் கதி நேரவில்லை.

ஆனாலும் எல்லா நகையும் ஒன்றல்ல. நம் பாட்டிமார் காதில் தொங்கிய பாம்படத்தின் மேலே பொன் தகடு, உள்ளே அரக்கு. கல் அட்டிகையை விற்கும்போது கல்லின் எடையைக் கழித்து விடுவார்கள். அசல் பவுன் காசுகளைக் கோத்த காசு மாலை வேறு வகை. ஒவ்வொரு காசும் 22 காரட், ஏறக்குறைய 8 கிராம். பெண் மக்களுக்குச் சண்டையின்றிப் பங்கிடலாம். கஷ்டம் வந்தால் ஒரு காசைக் கழற்றி அடகு வைக்கலாம், மாலை மிஞ்சும். மெல்லிய தகட்டில் அடித்த காசானால் எடை குறையும். நிறுத்துப் பார்த்தே வாங்க வேண்டும்.

இன்று வாங்குவோர் ‘916’ முத்திரையைப் பாருங்கள். ஆயிரத்தில் 916 பங்கு தங்கம் என்பது அதன் பொருள். அதுவே 22 காரட். தங்கத்தின் எடையையும் செய்கூலியையும் ரசீதில் தனித்தனியே எழுதி வாங்குங்கள். விற்கும்போது செய்கூலி திரும்பி வராது.

ரசீதின் பின்புறம் யார் வாங்கியது, எந்த ஆண்டு, யாருக்கு என்று எழுதி, நகையோடு வையுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டும் போய்ச் சேரட்டும்.