தாத்தா ஏறிய படகு

போன மாதம் அஸ்தி கரைக்க ஒரு குடும்பத்தோட படகில் போயிருந்தோம். உயிர்காப்பு அங்கியை நீட்டினால் ஐயா ஒருவர் வேண்டாம்னுட்டார். "எங்க தாத்தா கட்டுமரம் ஓட்டினவரு, எனக்கு எதுக்குப்பா இது?" எல்லாரும் சிரிச்சோம். ஆனா அந்தத் தாத்தா காலத்தில் எப்படித்தான் கடலில் இறங்கினாங்கன்னு தேடிப் படிச்சோம். அதான் இந்தப் பதிவு.

சென்னையில் அப்போ துறைமுகமே கிடையாது. கப்பல்கள் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். நடுவில் இரண்டு மூன்று வரிசையாக அலை உடையும். அதைத் தாண்ட மசூலா படகு. ஆணியே இருக்காது, பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். கப்பலில் இருந்து இறக்கும் ஐரோப்பியப் படகு தரையில் மோதினால் உடைந்துபோகும். இது வளைந்து கொடுத்துத் தப்பிக்கும். என்ன, தையல் வழியாகத் தண்ணீர் கசியும், இறைச்சுக்கிட்டே இருக்கணும். பின்னால் நிற்கும் தண்டல் அலையைப் பார்த்துக் காத்திருப்பார். அவர் குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே மூச்சில் துடுப்பு போடணும். கடல் ரொம்ப மோசம்னா கரையில் கொடி ஏத்திடுவாங்க, யாரும் அலையைக் கடக்கக் கூடாது.

எங்களை ரொம்ப யோசிக்க வைத்தது வேறொன்று. மசூலா படகுகளோட கட்டுமரங்களும் கூடவே போகுமாம், விழுந்தவர்களைத் தூக்க! உயிர் காத்த கட்டுமரக்காரர்களுக்குப் பதக்கமும் கொடுத்திருக்காங்க. கட்டுமரத்தில் தண்ணீர் நிரம்ப உள்ளிடமே இல்லை. கவிழ்ந்தாலும் திருப்பிப்போட்டு ஏறிக்கலாம். கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து மரங்களைக் காயப்போடுவாங்க, ஊறினால் பாரமாகிடும்னு.

நாகப்பட்டினத்தில் ரொம்ப நாள் வரைக்கும் படகுதான். 1926-இல் கட்டிய ரஜூலா கப்பலும் கரையைத் தொடாது. பினாங்குக்கு வந்த நம்ம ஆட்கள் ஆடுற படகில் போய்த்தான் அதில் ஏறினாங்க. ரஜூலா பேரு இங்கே பல வீட்டில் தெரியும். அந்தப் படகை ஓட்டினவங்க பேரு யாருக்கும் தெரியாது.

ஐயா, இதைப் படிச்சீங்கன்னா ஒரு வார்த்தை: அந்தக் காலத்துல காவலுக்குக் கட்டுமரம் கூட வந்துச்சு. நம்ம படகுக்கு யாரும் வர்றதில்லை. அடுத்த பயணம் ஞாயிறு காலை 7 மணி. சுமத்ரா காத்து அடிச்சா தள்ளிப்போகும், கொடி ஏத்தின மாதிரின்னு வச்சுக்கோங்க. அங்கி எல்லாருக்கும் இருக்கு. வேட்டிக்கு மேல போட்டுக்க பெரிய அளவும் வாங்கி வச்சிருக்கோம்.