பழைய ராணுவ லோரியை மீட்டெடுக்க: பிரேக் முதலில், பெயிண்ட் கடைசியில்

தோட்டப்புறத்திலும் சிறு பட்டணங்களிலும் வளர்ந்தவர்களுக்கு பெட்ஃபோர்ட் லோரி புதிதல்ல. அதே பெட்ஃபோர்ட் ராணுவத்துக்கென்று செய்த நான்கு சக்கர இழுவை லோரிகளும் இந்நாட்டுச் சாலைகளில் ஓடியவைதான். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும், அவசரகாலம் (1948-1960), இந்தோனேசியாவுடனான மோதல் (1963-1966) ஆகியவற்றுக்குப் பிறகும் படைகளுக்குத் தேவைப்படாத லோரிகள் கைமாறின. காட்டில் மரம் இழுத்த 'சான் தாய் வோங்' லோரிகளில் பல இப்படி ராணுவத்திலிருந்து வந்தவையே.

இன்று அவற்றில் எஞ்சியவை பழைய இரும்புக் கடைகளின் பின்புறத்திலும் கம்பங்களிலும் கிடக்கின்றன. அவற்றை மீட்க ஆசைப்படுபவர்களில் பலர் பாதி வழியில் கைவிடுவதற்குக் காரணம், இருந்த பணம் முதலிலேயே பெயிண்டுக்கும் இருக்கைக்கும் போய்விடுவதுதான். கையில் இருப்பது குறைவு என்றால் எதற்கு முதலில் செலவழிப்பது என்ற வரிசையே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

முதலில் கிராண்ட்

ராணுவ வாகனங்களுக்கு 'இசட்' எழுத்தில் தொடங்கும் தனிப் பதிவு எண் உண்டு. தனியார் கைக்கு வந்தபின் அந்த எண்ணில் வண்டியைச் சாலையில் ஓட்ட முடியாது. ஆகவே ஏலப் பத்திரம், விற்றவரின் ரசீது, முந்தைய பதிவு ஆவணம் ஆகியவற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்து, சேஸியில் பொறித்த எண் ஆவணத்தோடு ஒத்துப்போகிறதா என்று சோதித்து, ஜேபிஜே அலுவலகத்தில் விசாரித்த பிறகே முன்பணம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வண்டிக்கு 'ஏபி' எனப்படும் இறக்குமதி அனுமதியும் தேவை. எஞ்சினையோ நிறத்தையோ மாற்றினால் அதையும் ஜேபிஜேயிடம் முறைப்படி தெரிவிக்க வேண்டும்.

ஓட்டுநர் உரிமமும் கவனிக்க வேண்டியது. கார் ஓட்டும் 'டி' உரிமம் வெற்று எடை 3,500 கிலோகிராமுக்கு மேற்படாத வண்டிகளுக்குத்தான் செல்லும். ராணுவ லோரிகள் பல அந்த எடையைத் தாண்டியவை. பத்திரம் இல்லாத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அதை வீட்டு வாசலில் நிறுத்தி வைக்கலாமே தவிர சாலைக்குக் கொண்டுவர முடியாது.

எந்த வண்டி கட்டுப்படியாகும்?

அரிய வண்டியை விட, சாமான் கிடைக்கும் வண்டியே ஏழைக்கு ஏற்றது. 1950களில் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த பெட்ஃபோர்ட் 'ஆர்.எல்.' இதற்கு நல்ல உதாரணம். இது அடியோடு புதிதாக வரையப்பட்ட வண்டி அல்ல. அதே நிறுவனத்தின் 'எஸ்' வகைச் சரக்கு லோரியை அடிப்படையாகக் கொண்டு, முன் சக்கரங்களுக்கும் இழுவிசை கொடுத்துச் செய்தது. ஆறு சிலிண்டர், 4.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். எஞ்சினுக்கும் கேபினுக்கும் உரிய பல சாமான்கள் சாதாரண லோரிக்கும் பொதுவானவை என்பதால், பழைய லோரிச் சாமான் கடைகளில் தேடிப் பார்க்கலாம்.

கிடைக்காதவை ராணுவ வண்டிக்கு மட்டுமே உரிய பாகங்கள்: முன் அச்சும் அதன் மூட்டுகளும், இழுவிசையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் பெட்டியும். வாங்கும்போது எஞ்சின் சத்தத்தில் மயங்காமல் இந்த இரண்டையும் சோதிப்பது நல்லது. எஞ்சினுக்கு வழி பிறக்கும்; உடைந்த முன் அச்சுக்கு வழி தேடுவது கடினம்.

அடுத்தது துரு. நம் நாட்டு ஈரத்தில் சேஸி உள்ளிருந்தே அரிக்கும். சுத்தியலால் வரிசையாகத் தட்டிப் பார்த்தால் நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் 'டொக்' என்று அடங்கும். மண் தேங்கும் மூலைகள், இரண்டு தகடுகள் சேரும் இடங்கள், ஸ்பிரிங் பட்டைகள் மாட்டும் இடங்கள் ஆகியவற்றை விடாமல் தட்ட வேண்டும்.

ரிம்: உயிரோடு விளையாடும் இடம்

பழைய ராணுவ லோரிகளின் சக்கரம் இன்றைய கார் சக்கரம் போன்றதல்ல. சிலவற்றில் ரிம் இரண்டு பாதிகளாக இருந்து நட்டுகளால் இணைக்கப்பட்டிருக்கும். சிலவற்றில் பூட்டு வளையம் இருக்கும். காற்று இருக்கும்போதே இணைப்பு நட்டுகளைக் கழற்றினால் ரிம் வெடித்துப் பறக்கும். அருகில் இருப்பவர் பிழைப்பது அரிது. சக்கரத்தை அச்சில் பிடிக்கும் நட்டு வேறு, ரிம்மின் பாதிகளைச் சேர்க்கும் நட்டு வேறு. எது எது என்று தெரியாமல் கைவைக்கக் கூடாது.

வால்வின் உள்ளூசியைக் கழற்றி, காற்று முழுவதும் வெளியேறிய பிறகே வேலை தொடங்க வேண்டும். திரும்பக் காற்றடிக்கும்போது சக்கரத்தை இரும்புக் கூண்டுக்குள் வைத்து, நீளக் குழாயில், எதிரே நில்லாமல் பக்கவாட்டில் நின்று அடிக்க வேண்டும். லோரி டயர் கடையில் கூலி கொடுத்துச் செய்வதே மலிவு. துரு தின்ற பூட்டு வளையத்தைத் திரும்பப் பயன்படுத்துவது சிக்கனம் ஆகாது.

பிரேக்கில் கஞ்சத்தனம் வேண்டாம்

அக்காலத்து லோரிகளில் பெரும்பாலும் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில்தான் ஓடும். ஒரு சக்கரத்தில் ஒழுகினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். கேமரன் மலை இறக்கத்தில் அது தெரியவரக் கூடாது.

இங்கே பணத்தை மிச்சப்படுத்தவும் வழி உண்டு. அரித்த பிரேக் சிலிண்டரைத் தூக்கிப் போடாமல், கடைசல் பட்டறையில் உள்ளே துருப்பிடிக்காத எஃகு உறை இறக்கிக்கொள்ளலாம். தேய்ந்த பிரேக் ஷூவுக்குப் புதிய லைனிங் ஒட்டித் தருபவர்கள் இருக்கிறார்கள். ரப்பர் குழாய்கள், ரப்பர் கப்புகள், எண்ணெய் ஆகியவற்றை மட்டும் கட்டாயம் புதிதாக வாங்க வேண்டும். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். டிரம்மில் உள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

இறுகிய எஞ்சின்

பல ஆண்டுகள் ஓடாத எஞ்சினை இழுத்து ஸ்டார்ட் செய்வது பெரும் செலவில் முடியும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் கலந்து சிறிது விட்டு, சில நாள் ஊறவிட வேண்டும். பிறகு கைப்பிடியால் மெதுவாகச் சுற்றிப் பார்க்கலாம். பின்னாளில் அதே கைப்பிடியால் ஸ்டார்ட் செய்யும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வைக்க வேண்டும். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் முறியும்.

எஞ்சின் சுழன்றால் பழைய எண்ணெயை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, ரேடியேட்டரை அலசினால் பாதி வேலை முடிந்தது. பெட்ரோல் டேங்கில் ஓட்டை இருந்தால், உள்ளே ஆவி துளியும் இல்லாதபடி முறையாகச் சுத்தம் செய்யாமல் வெல்டிங் வைக்கவே கூடாது. காலி டேங்குதான் நிறைந்த டேங்கை விட ஆபத்தானது.

பலகை, கித்தான், பெயிண்ட்

லோரித் தளத்துக்கு கெருயிங் போன்ற கெட்டி மரம் போதும். வீடு இடிக்கும் இடத்தில் பழைய பலகை கிடைத்தால் இன்னும் மலிவு. மேல்கூரைக் கித்தானை லோரிப் படுதா தைக்கும் கடையில் அளவு கொடுத்துத் தைக்கலாம். துருவைச் சுரண்டி, செம்பூச்சு அடித்து, அதன்மேல் மங்கல் பச்சையைத் தூரிகையாலேயே பூசலாம். ராணுவத்திலும் தூரிகையால் பூசியது உண்டு. ஸ்பிரே செலவு மிச்சம். போர்ட்டிக்சனில் உள்ள ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய்வந்தால், பழைய வாகனங்கள் எப்படி இருந்தன என்று நேரில் பார்க்கலாம்.

பாதியில் நிற்காமல் இருக்க

முழு வண்டியையும் ஒரேயடியாகப் பிரித்துப் போடுவதுதான் பலரைக் கவிழ்க்கும் தவறு. ஒரு பகுதியைக் கழற்றி, படம் எடுத்து, நட்டுகளைப் பெயர் எழுதிய டின்னில் போட்டு, அதை முடித்துப் பூட்டிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அப்படிச் செய்தால் எந்த மாதம் பணம் தீர்ந்தாலும் வண்டி வண்டியாகவே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. கைப்பிடியால் எஞ்சின் சுற்றி, பிளக்கின் நிறம் பார்த்தே கோளாறு சொன்ன தோட்டப் பட்டறை ஃபிட்டர்களும் லோரி மெக்கானிக்குகளும் இன்று ஓய்வில் இருக்கிறார்கள். கையேட்டில் இல்லாத பலவும் அவர்கள் கையில் இருக்கின்றன. வேலை தொடங்குமுன் அப்படி ஒருவரை அழைத்து வந்து வண்டியைக் காட்டுவது, எந்தச் சாமானை வாங்குவதையும் விட லாபமானது.