அட்டைப் புகழுரை யாருக்காக? சிறப்புப்பாயிரத்திலிருந்து பின்னட்டை வரை

ஒரு நூலை யார் புகழலாம் என்பதற்குத் தமிழில் இலக்கண விதியே உண்டு. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப்பாயிரம் செய்யத் தகுந்தவர்கள் என நால்வரைச் சுட்டுகிறது: நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு உடன் கற்றவர், அவருடைய மாணாக்கர், அந்நூலுக்குத் தக்க உரைகாரர். எவ்வளவு கரைகண்டவராக இருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்பதாலேயே இந்த ஏற்பாடு. அதற்கும் விலக்குகள் வைத்திருக்கிறார் பவணந்தியார். அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை உணராதவர் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்லும் தறுவாயிலும், எதிராளி பழித்தபோதும் புலவன் தற்புகழ்ச்சி செய்துகொள்ளலாம். இன்றைய முகநூல் எழுத்தாளர்களுக்கு இந்த நான்கு தருணங்களும் நாள்தோறும் வாய்க்கின்றன.

அந்த நால்வரும் நூலாசிரியருக்கு நெருக்கமானவர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். வேண்டியவர் புகழ்ந்தால் அதை நம்பலாமா என்று இன்று கேட்போம். நன்னூலின் பார்வை நேர்மாறானது: அருகிலிருந்து அறிந்தவரே சாட்சி சொல்லத் தகுந்தவர். அவர் சொல்ல வேண்டியவையும் வரையறுக்கப்பட்டிருந்தன. ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன் என எட்டு. இவற்றில் கேட்போரும் பயனும் இன்றைய பின்னட்டைக் குறிப்பின் வேலையைச் செய்கின்றன. மற்றவை ஏறத்தாழ நூல் விவரப் பக்கத்தின் வேலையை. பனம்பாரனார் தொல்காப்பியத்துக்குச் செய்த பாயிரத்திலும் பாராட்டைவிடத் தகவல்தான் மிகுதி. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அந்நூல் ஏற்கப்பட்டது என்ற செய்தியே அங்கே பாராட்டாக நிற்கிறது.

திருவள்ளுவமாலை இதிலிருந்து விலகிய வகை. ஐம்பதுக்கு மேற்பட்ட வெண்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு பெயர். கபிலர், பரணர், நக்கீரர் மட்டுமல்ல, நாமகளும் அசரீரியும்கூடக் குறளைப் பாராட்டியிருக்கிறார்கள். இவை பிற்காலத்தில் பாடப்பட்டுச் சங்கப் புலவர்கள் தலையில் ஏற்றப்பட்டவை என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. பாராட்டின் சொற்களைவிடப் பாராட்டுபவரின் பெயரே கனமானது என்ற புரிதல் அச்சுக்கு வெகு முன்பே வந்துவிட்டதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

1835இல் அச்சகக் கட்டுப்பாடுகள் தளர்ந்து இந்தியர் அச்சுக்கூடங்கள் பெருகியபோது, இந்த மரபு சாற்றுகவி என்ற பாராட்டுப் பாட்டாக அச்சேறியது. 19ஆம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவற்றின் முன்பகுதியில் இவை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பாட்டின் மேலும் பாடியவரின் ஊர், ஆதீனம், பட்டம், யாருடைய மாணாக்கர் என்ற விவரம், பிறகு ‘அவர்கள் இயற்றிய’ என்று முடித்துக் கீழே விருத்தமோ கட்டளைக் கலித்துறையோ இருக்கும். தலைப்பு சில இடங்களில் பாட்டோடு போட்டியிடும் நீளத்துக்குப் போய்விடும். பாட்டுகளில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பு. நூற்பெயரை மாற்றினால் வேறு நூலுக்கும் பொருந்தும். தலைப்பு மட்டும் பொருந்தாது. வாங்குபவர் படித்ததும் தலைப்பைத்தான் என்று கருதுகிறேன். முகப்புப் பக்கத்தில் இன்ன வித்துவானால் ‘பார்வையிடப்பட்டு’ என்று அச்சிடும் வழக்கமும் இதன் உடன்பிறப்பே. ஏட்டிலிருந்து அச்சுக்கு வரும்போது பிழை மலிந்த காலத்தில் அது தர உத்தரவாதம்.

மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையின் நீதிநூலுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை சிறப்புப்பாயிரம் அளித்தார். வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவையும் அவரே பாடினார். இதைக் கொடுக்கல் வாங்கல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் அன்று நூல் வாங்கியவர்கள் மடங்களும் ஜமீன்தார்களும் வித்துவான்களும் உத்தியோகஸ்தர்களுமாகிய ஒரு சிறு வட்டம். அச்சேறும் முன்பே கையொப்பமிட்டுப் பணம் கட்டிய ஆதரவாளர்களும் அதில் இருந்தார்கள். அவர்கள் மகாவித்துவானை அறிவார்கள். அவர் பெயருக்கு அந்த வட்டத்தில் செலாவணி இருந்தது. அங்கே புகழுரை நிச்சயம் வேலை செய்திருக்கும்.

வட்டம் கலைந்து, முன்பின் தெரியாதவர் வாங்கும் சந்தை வந்த பிறகு என்ன ஆயிற்று? இதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு தொடக்கப் புள்ளி கிடைக்கிறது. 1855இல் கவிஞர் வால்ட் விட்மன் தன் ‘புல்லின் இதழ்கள்’ கவிதைத் தொகுப்பைச் சிந்தனையாளர் எமர்சனுக்கு அனுப்பினார். எமர்சன் நெகிழ்ந்து கடிதம் எழுதினார். அந்தத் தனிக்கடிதம் எமர்சனிடம் கேட்காமலே நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் வெளியானது. 1856இல் வந்த இரண்டாம் பதிப்பின் முதுகிலோ, அதிலிருந்து ஒரு வாக்கியம் எமர்சன் பெயரோடு பொன்னெழுத்தில் பதிக்கப்பட்டது. நாட்டின் மிகப் பெரிய சிந்தனையாளர் புத்தக முதுகில் நின்று கூவியும் அந்தப் பதிப்பு சரியாக விற்கவில்லை.

அட்டை வாசகத்தின் விளைவைத் தனியே அளப்பது கடினம். ஒரு பதிப்பின் எல்லாப் பிரதிகளும் ஒரே அட்டையோடு வருகின்றன. வாசகம் இல்லாத பிரதி எவ்வளவு விற்றிருக்கும் என்று ஒப்பிட வழியில்லை. ஆனால் 2013இல் தற்செயலாக ஒரு சோதனை நடந்தது. ராபர்ட் கால்பிரெய்த் என்ற புதியவரின் துப்பறியும் நாவல், வால் மெக்டெர்மிட் போன்ற முன்னணிக் குற்றப்புனைவு எழுத்தாளர்களின் பாராட்டுடன் பிரிட்டனில் வெளியானது. முதல் மூன்று மாதங்களில் கெட்டி அட்டைப் பதிப்பு விற்றது சுமார் 1,500 பிரதிகள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பவர் ஜே.கே. ரௌலிங் என்று ஜூலையில் தெரிந்ததும் அது அமேசான் பட்டியலின் உச்சிக்குப் போனது. கதை அதே, பாராட்டும் அதே; மாறியது ஆசிரியர் பெயர் மட்டும். அறிமுக நூலுக்கு 1,500 என்பது மோசமில்லை, பாராட்டு இல்லாவிட்டால் அதுவும் போயிருக்காது என்று வாதிடலாம். அப்படியே கொண்டாலும் இரண்டு பெயர்களுக்கும் இடையிலான தூரம் தெளிவு.

ஜோனா பெர்கர் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. நியூயார்க் டைம்ஸின் பாதகமான மதிப்புரை, பெயர் பெற்ற எழுத்தாளரின் விற்பனையை 15 விழுக்காடு குறைத்தது. அறியப்படாதவரின் விற்பனையையோ 45 விழுக்காடு கூட்டியது. அறியப்படாதவருக்கு, நல்லதோ கெட்டதோ, பெயர் காதில் விழுவதே லாபம். அட்டை வாசகம் இந்த உதவியைச் செய்ய இயலாது. அதைப் படிப்பவர் ஏற்கெனவே புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டவர்.

அதே பாராட்டு அட்டைக்கு வெளியே ஒலிக்கும்போது கதை வேறு. அமெரிக்க எழுத்தாளர் டாம் கிளான்சியின் முதல் நாவலை 1984இல் ஒரு கடற்படைப் பதிப்பகம்தான் வெளியிட்டது. குடியரசுத் தலைவர் ரீகன் அதை மெச்சியது செய்தியானதும் அது விற்பனைப் பட்டியலில் ஏறியது. தமிழில் சுஜாதா கணையாழியிலும் பின்னர் ஆனந்த விகடனிலும் தம் பத்திகளில் புதிய கவிஞர்களை அறிமுகப்படுத்தியதும் இந்த வகை. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதக்கூடியவர் அவர் என்று வாசகருக்குத் தெரியும். பின்னட்டையில் எழுதுபவருக்கு அந்த வசதி கிடையாது. குறை சொன்னால் அது அச்சாகாது.

அப்படியானால் பதிப்பாளர்கள் ஏன் விடவில்லை? புகழுரையின் முதல் வாசகர் கடைக்கு வருபவர் அல்ல. எத்தனை பிரதி எடுப்பது என்று முடிவு செய்யும் புத்தகக் கடைக்காரர், மதிப்புரைக்கு நூல்களைப் பிரித்துக் கொடுக்கும் இதழாசிரியர், நூலகத்துக்கு வாங்குவோர், பரிசுக்குழு என்று இடையில் நிற்பவர்களே. அவர்களிடம் இந்தப் பெயர்களுக்கு இன்னும் மதிப்பு உண்டு; பழைய சிறு வட்டம் அந்த இடத்தில் கரையாமல் இருக்கிறது. 2025 ஜனவரியில் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனத்தின் முதன்மைப் பதிப்புப் பிரிவு, இத்தகைய வாசகங்களைத் திரட்டித் தரும்படி தன் எழுத்தாளர்களை இனிக் கேட்பதில்லை என்று அறிவித்தது. அதன் பதிப்பாளர் முன்வைத்த காரணங்களில் ஒன்று, இந்த வழக்கம் திறமையைவிடத் தொடர்புக்கே பலன் தருகிறது என்பது. உடன் கற்றவரையும் மாணாக்கரையும் தகுந்த சாட்சிகளாகக் கொண்ட பவணந்தியாருக்கு இந்தக் குற்றச்சாட்டு விளங்கியிருக்காது. அறிவிப்பு வாசகங்களைத் தடை செய்யவில்லை. தாமாக வந்தால் அச்சிடலாம்.