சீரத்துக்குப் பிடிகொடுக்காத விப்ரியோ

காலராவை உறுதிசெய்வது எங்கள் காலத்தில் கண்ணும் கையும் சேர்ந்து செய்கிற வேலை. நோயாளியிடமிருந்து வருவதை மலம் என்று சொல்லவே முடியாது. அரிசி களைந்த தண்ணீர்தான். அதில் கொஞ்சம் எடுத்து, காரத்தன்மை கூடிய பெப்டோன் நீரில் விட்டு, 37 டிகிரியில் ஆறேழு மணி நேரம் வைப்போம். மற்ற குடல் கிருமிகளுக்கு அந்தக் காரம் ஒத்துக்கொள்ளாது. காலராக் கிருமியான விப்ரியோவுக்கோ அதுதான் கொண்டாட்டம். காற்றைத் தேடி மேலே வந்து மெல்லிய ஏடாகப் படரும். குழாயை அசைக்காமல் அந்த ஏட்டை மட்டும் லூப்பால் தொட்டு டி.சி.பி.எஸ். என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில் இழுத்துவிட்டால், மறுநாள் காலை பச்சைத் தட்டில் மஞ்சள் மஞ்சளாகக் காலனிகள் நிற்கும்.

பிறகு சீரம். அந்த மஞ்சள் காலனியை அப்படியே சீரத்தில் போடக் கூடாது என்பது புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருகிற பாடம். சாதா அகாரில் இன்னொரு முறை வளர்த்து, அதில் ஊசிமுனை அளவு எடுத்து, ஸ்லைடில் ஒரு சொட்டு உப்புநீரில் கரைக்க வேண்டும். ஒரே சீராகக் கலங்கியதும் ஓ1 சீரம் ஒரு சொட்டு. ஸ்லைடை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து முன்னும் பின்னும் சாய்த்தால், சில நொடிகளிலேயே கலங்கல் தெளிந்து வெள்ளைத் துகள்கள் திரண்டுவிடும். திரண்டால் காலரா, திரளாவிட்டால் இல்லை. மாநகராட்சிக்குத் தகவல் போவதும், தெருவுக்குக் குளோரின் வருவதும், மறுநாள் செய்தித்தாளில் என்ன சொல் அச்சாகும் என்பதும் அந்தச் சில நொடிகளைப் பொறுத்தே இருந்தன.

இந்த முறையின் வரலாற்றில் நம் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. அதைப் பாடப்புத்தகங்கள் ஒரு வரியில் கடந்துபோவது எனக்கு எப்போதும் வருத்தம். 1854இல் ஃபிளாரன்ஸில் ஃபிலிப்போ பச்சினி இந்தக் கிருமியை முதலில் பார்த்தார், 1884இல் கல்கத்தாவில் ராபர்ட் கோக் தனியாகப் பிரித்து வளர்த்தார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆனால் ஆற்றிலும் கடலிலும் கழிமுகத்திலும் இதே உருவத்தில் எத்தனையோ விப்ரியோக்கள் உண்டு. அவற்றில் கொள்ளைநோயைக் கொண்டுவருவது எது என்று பிரித்துச் சொல்வதற்கான அடிப்படையை 1935இல் வெளியான ஒரு கட்டுரை அமைத்தது. எழுதியவர்கள் ஏ.டி. கார்ட்னரும் கே.வி. வெங்கட்ராமனும். முயலுக்குக் கிருமியைச் செலுத்தி அதன் ரத்தத்திலிருந்து எடுத்த சீரத்தை வைத்து விப்ரியோக்களைப் பிரித்தார்கள். கொள்ளைநோயிலிருந்து வந்தவையெல்லாம் ஒரே குழுவில் விழுந்தன. அதுதான் பின்னாளில் ஓ1 ஆனது.

வெங்கட்ராமன் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் காலரா ஆராய்ச்சி செய்தவர். 1941இல் அவரும் ராமகிருஷ்ணனும் சேர்ந்து, கடலுப்பும் பெப்டோனும் கலந்த ஒரு திரவத்தைத் தயாரித்தார்கள். ஐஸ் பெட்டி கிடைக்காத கிராமத்தில் மாதிரியை எடுத்து இந்தத் திரவத்தில் விட்டால், பல நாள் பயணம் செய்து ஆய்வகத்துக்கு வந்த பிறகும் விப்ரியோ உயிரோடிருக்கும். வி.ஆர். திரவம் என்ற பெயரில் அது இன்றும் பாடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு எழுத்துக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள் என்று நான் ஒவ்வொரு மாணவரிடமும் சொல்லிவிடுவேன்.

சீரத்துக்கு ஓர் எல்லை உண்டு. அது பார்ப்பது கிருமியின் மேற்சட்டையை மட்டும்தான்: செல்லின் வெளிப்புறத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகளை. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. பல ஆண்டுகள் அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. ஓ2, ஓ3 என்று வரிசை 138 வரை நீண்டுவிட்டபோதும், பெரிய அளவில் ஆளைக் கொன்றது ஓ1 ஒன்றே. மற்றவை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பேதியை உண்டாக்கும், ஊரைத் தாக்காது என்று படித்தோம், படிப்பித்தோம்.

1992 அக்டோபரில் சென்னையில் அந்தப் பாடம் உடைந்தது.

எங்கள் ஆய்வகத்துக்கும் அந்த மழைக்காலத்தில் மாதிரிகள் வந்தன. தட்டில் மஞ்சள் காலனி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், நுண்ணோக்கியில் சரேல் சரேலென்று பாயும் ஓட்டம், எல்லாம் காலராவுக்குரியவை. வார்டில் படுத்திருந்தவர்களின் நிலையும் அப்படியே: கண் குழிவிழுந்து, விரல்நுனி சுருங்கி, ஒரு பாட்டில் சலைன் ஏறி முடிவதற்குள் அடுத்த பாட்டிலுக்கு ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அதிலும் பெரியவர்களே அதிகம். காலரா அடிக்கடி வந்துபோகிற ஊரில் பெரியவர்களுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும், குழந்தைகள்தான் கூடுதலாகப் பாதிக்கப்படுவார்கள் என்பது எங்கள் அனுபவம். அதுவும் மாறியிருந்தது. ஸ்லைடில் சீரம் விட்டால் கலங்கல் கலங்கலாகவே நின்றது. எத்தனை சாய்த்தாலும் ஒரு துகள் திரளவில்லை.

எங்கள் மூத்த டெக்னீஷியன் ஸ்லைடை வாங்கிப் பார்த்துவிட்டு, “புதுக் குப்பி எடுத்துப் போட்டுப் பாரும்மா, சீரம் செத்திருக்கும்” என்றார். புதிய குப்பியிலும் அதே கதை. அதே சீரத்தில் எங்கள் பழைய ஓ1 கிருமி நொடியில் திரண்டது. “சீரம் நல்லாத்தான் இருக்குண்ணே” என்றேன். அவர் பதில் பேசாமல் வார்டு பதிவேட்டை எடுத்துப் பெயர்களை எண்ண ஆரம்பித்தார்.

காலரா என்று அறிவிக்க வேண்டியது ஓ1 மட்டுமே என்பது அன்றைய நடைமுறை. படிவத்தில் இதற்குக் கட்டமே கிடையாது. ஆகவே ‘கடும் வயிற்றுப்போக்கு’ என்று எழுதப்பட்டது. நோயாளிக்குச் சிகிச்சை ஒன்றுதான், உப்பும் சர்க்கரையும் தண்ணீரும்; பெயர் எதுவானாலும் சலைன் ஏறும். ஆனால் குடிநீர்க் குழாயைத் தோண்டிப் பார்க்க ஆள் அனுப்புவதற்குப் பெயர் வேண்டும். பெயரில்லாத கொள்ளைநோய்க்கு அவசரம் காட்ட யாருக்கும் கட்டாயமில்லை. இந்த ஆதங்கம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நோய் மதுரை, வேலூர் என்று பரவி, கடற்கரையோரமாகவே வடக்கே ஏறி, ஆண்டு முடிவதற்குள் கல்கத்தாவையும் வங்கதேசத்தையும் அடைந்தது. வங்கதேசத்தில் சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். கல்கத்தா தேசிய காலரா நிறுவனத்தின் டி. ராமமூர்த்தியும் சக ஆய்வாளர்களும் 1993இல் லான்செட் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். ஜப்பானில் ஷிமாடா குழுவினர் தம்மிடமிருந்த 138 வகைச் சீரங்களிலும் சோதித்தார்கள், எதிலும் திரளவில்லை. ஆகவே 139 என்று புதிய எண். வங்காள விரிகுடாக் கரையோரம் முதலில் கிடைத்ததால் ‘பெங்கால்’ என்று துணைப்பெயர். எட்டாவது உலகப் பெருந்தொற்று தொடங்கிவிட்டதோ என்ற அச்சம் மருத்துவ உலகத்தைப் பிடித்தது.

ஏழாவது, 1961இல் இந்தோனேசியாவின் சுலாவெசியில் தொடங்கியது. அதற்குக் காரணமான எல் டோர் வகையை 1905இலேயே, சினாய் தீபகற்பத்தில் எல் டோர் என்ற தனிமைப்படுத்தும் முகாமில், மெக்காவிலிருந்து திரும்பி வந்து இறந்த யாத்ரீகர்களின் உடலிலிருந்து காட்ஷ்லிச் பிரித்திருந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை உண்மையான காலராக் கிருமியாக ஒப்புக்கொள்ளாமல் வாதாடிக்கொண்டிருந்தார்கள். பெயர் வைப்பதில் தாமதம் நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல.

இப்போது கேள்வி இதுதான்: ஓ139 எங்கிருந்து வந்தது? குளத்தில் கிடந்த ஏதோ ஓர் அப்பாவி விப்ரியோ நஞ்சைப் பெற்றுக்கொண்டு கொலைகாரனானதா? அல்லது நமக்கு முன்பே தெரிந்த எல் டோர்தான் சட்டை மாற்றிக்கொண்டு வந்ததா? சீரத்தால் இதற்குப் பதில் சொல்ல வழியே இல்லை.

1995இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மரபணுத் துண்டுகளை ஒப்பிட்டு, இரண்டாவதுதான் நடந்தது என்று காட்டினார்கள். எல் டோரில் ஓ1 சர்க்கரையைக் கட்டும் மரபணுக்கள் இருந்த இடத்தில் வேறொரு நீண்ட துண்டு வந்து உட்கார்ந்திருந்தது. அடுத்த ஆண்டு ஆய்வாளர்கள் வால்டோரும் மெக்கலனாஸும் இரண்டு உண்மைகளை வெளியிட்டார்கள். காலரா நஞ்சின் மரபணுவே கிருமிக்குச் சொந்தமில்லை. கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் சுமந்துவந்தது. அத்துடன் ஓ139இல் பல மருந்துகளை எதிர்க்கும் மரபணுக்கள் ஒரே கட்டாக, ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியதாக இருந்தன. எஸ்.எக்ஸ்.டி. என்று பெயரிட்ட அந்தக் கட்டு முதலில் கிடைத்தது எம்.ஓ.10 என்ற கிருமியில். 1992இல் சென்னை நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது அது. அந்த நோயாளி பிழைத்தாரா என்று எந்தக் கட்டுரையிலும் எழுதியிருக்காது.

ஆனால் இவையெல்லாம் துண்டு துண்டான சாட்சிகள். முழுக் கிருமியையும் முதலில் படித்து முடித்தது 2000 ஆகஸ்டில். எல் டோர் வகையைச் சேர்ந்த என்16961 என்ற கிருமியின் மரபணுத்தொகுதி, எழுத்து எழுத்தாக, நேச்சர் இதழில் வெளியானது. மொத்தம் 40,33,460 எழுத்துகள். பெரும்பாலான பாக்டீரியாக்களுக்கு ஒரே குரோமோசோம்தான். இதற்கு இரண்டு, பெரியது ஒன்று, சிறியது ஒன்று. இனி எந்த விப்ரியோ கிடைத்தாலும் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு மூலப்பிரதி கிடைத்துவிட்டது.

வேலையின் தொடக்கம் மாறவில்லை. இப்போதும் தட்டில் ஒரே ஒரு காலனியைத் தொட்டுத்தான் வளர்க்கிறார்கள். பிறகு செல்லை உடைத்து, புரதத்தைக் கரைத்து நீக்கி, ஆல்கஹால் ஊற்றினால் குழாயில் வெள்ளை இழை மிதக்கும். அதுதான் டி.என்.ஏ. அதைச் சிறுசிறு துண்டுகளாக்கி இயந்திரத்தில் வைத்தால், நூறு நூற்றைம்பது எழுத்துகள் கொண்ட லட்சக்கணக்கான துணுக்குகளாக வாசித்துத் தரும். கணினி அவற்றை மூலப்பிரதியின்மேல் பொருத்தி, எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று குறிக்கும். இரண்டு கிருமிகளுக்கு ஒரே மாற்றங்கள் பொதுவாக இருந்தால் அவை ஒரே தாயின் வழி. இதை வைத்துக் குடும்ப மரம் வரையலாம்.

2009இல் 23 விப்ரியோக்களின் மரபணுத்தொகுதிகளை ஒப்பிட்டார்கள், எம்.ஓ.10உம் அதில் ஒன்று. சென்னையின் ஓ139 மரத்தில் தனியாக எங்கேயோ நிற்கவில்லை. ஏழாவது பெருந்தொற்றின் எல் டோர்க் கிளைக்குள்ளேயே இருந்தது. 2011இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தை மையமாகக் கொண்டு அங்கூர் முத்ரேஜாவும் மற்றவர்களும் 154 மரபணுத்தொகுதிகளைக் கொண்டு மரத்தை விரிவாக வரைந்தபோது இன்னும் தெளிவானது. இந்தக் கிளையில் ஆண்டுக்கு மூன்று எழுத்துகளுக்குச் சற்றுக் கூடுதலாக மாறுகிறது. 40 லட்சத்தில் மூன்று! ஆனால் அந்த மூன்றும் சீராக மாறுவதால், இரண்டு கிருமிகள் எந்த ஆண்டு வாக்கில் பிரிந்தன என்று பின்னோக்கிக் கணக்கிட முடிந்தது. வங்காள விரிகுடாப் பகுதியிலிருந்து மூன்று அலைகளாக எல் டோர் உலகம் சுற்றியதும் அப்படித்தான் தெரியவந்தது.

ஸ்லைடைச் சாய்த்தே வாழ்நாளைக் கழித்த எனக்கு இதில் மனம் உடையவில்லை, நிம்மதிதான் வந்தது. அன்று எங்கள் கண் சொன்னது சரி: அது காலரா. தவறியது வகைப்பாடு. பிசகு மறுபக்கமும் இருந்தது. ஓ1 சீரத்தில் அழகாகத் திரண்டும், ஏழாவது பெருந்தொற்றுக் கிளையைச் சேராத விப்ரியோக்கள் லத்தீன் அமெரிக்காவில் இருப்பது பின்னர் மரபணுவால் தெரிந்தது. அவை சிலரைப் படுக்கவைத்தாலும் ஊரை வாரிக்கொண்டு போவதில்லை. ஆக, ஒரு கிருமியைப் பற்றி முதலில் கேட்க வேண்டியது அது எந்தக் கிளை என்பதை. சட்டையின் எண் அதற்குப் பிறகுதான்.

ஹைட்டியில் 2010இல் காலரா வந்தபோது இந்தக் கேள்வி உலக அரசியலையே தொட்டது. ஹைட்டிக் கிருமியும் அதே ஆண்டு நேபாளத்தில் கிடைத்த சிலவும் ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் ஒன்றாக இருந்தன. ஹைட்டியில் ஐ.நா.வின் நேபாள அமைதிப்படையினர் முகாம் ஆற்றோரம் இருந்தது. 2016இல் ஐ.நா. பொதுச்செயலாளர் ஹைட்டி மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.

ஓ139 எட்டாவது பெருந்தொற்றாக மாறவில்லை. 1994 வாக்கிலேயே பழைய ஓ1 திரும்ப வந்துவிட்டது. ஓ139 மெல்ல மெல்ல ஒதுங்கியது. ஏன் என்ற கேள்விக்கு 2022இல் 300க்கும் மேற்பட்ட ஓ139 மரபணுத்தொகுதிகளைப் படித்த ஓர் ஆய்வு பதில் தேடியது. காலப்போக்கில் அது தன் மருந்து எதிர்ப்பு மரபணுக்கள் பலவற்றை இழந்திருந்தது, நஞ்சின் வகையும் மாறியிருந்தது. ஆய்வை நடத்தியவர்களில் முதல் பெயர் டி. ராமமூர்த்தி, 1993 கட்டுரையை எழுதிய அதே ராமமூர்த்தி. ஹைதராபாத்தில் 2009 முதல் தயாரான வாய்வழிக் காலராத் தடுப்பு மருந்தில் ஓ139உம் சேர்ந்திருந்தது. 2024இல் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற புதிய கொரிய மருந்தில் அது இல்லை, ஓ1 மட்டுமே.

இப்படியொரு ஆய்வு நடக்க முப்பது வருடத்துக் கிருமிகளை யாரோ பத்திரமாக வைத்திருந்தார்கள். எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை. கட்டடம் மாறும்போது, ஃபிரிட்ஜில் இடம் போதாதபோது, பழைய அகார்க் குழாய்கள் கூடை கூடையாக ஆட்டோகிளேவுக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தடுக்கச் சண்டையும் போட்டிருக்கிறேன். மிஞ்சியவற்றிலும் பாதிக்கு லேபிள் உரிந்திருந்தது. லேபிள் இல்லாத குழாயில் இருக்கும் கிருமியின் மரபணுத்தொகுதியை வாசித்தால் அது எந்தக் கிளை என்று மரம் சொல்லிவிடும். எந்த ஆண்டு, எந்த ஊர், எந்தத் தெருக் குழாயடி என்பதை அன்று மாதிரி எடுத்தவர் எழுதிவைத்திருந்தால்தான் உண்டு.