இருபத்தொன்றும் இன்னும் ஆறும்

மேஜிக் தொழிலில் இருப்பவர்களிடம் இருபத்தோரு சீட்டு வித்தை என்று சொல்லிப் பாருங்கள், முகத்தைச் சுளிப்பார்கள். கற்றுக்குட்டிகள் செய்வது, பார்க்கிறவனுக்குக் கொட்டாவி வரும் என்பார்கள். அதில் பொய்யில்லை. கல்யாண வீட்டில் சாப்பாட்டுக்கும் பந்தி எழுவதற்கும் நடுவே யாராவது ஒரு சித்தப்பா கட்டைக் கையில் எடுப்பார். மூன்று வரிசை, வரிசைக்கு ஏழு சீட்டு. "ஒண்ணை மனசுல நினைச்சுக்கோ. எந்த வரிசைன்னு மட்டும் சொல்லு." சொன்ன வரிசையை மற்ற இரண்டுக்கும் நடுவில் வைத்து அள்ளுவார், திரும்பப் பரப்புவார், மறுபடி கேட்பார். மூன்று தடவை ஆனதும் ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பதினொன்றாவது சீட்டை நீட்டுவார். பிள்ளைகள் கை தட்டும். பெரியவர்கள் "வரிசையைத்தான் நாங்களே சொல்லிட்டோமே" என்று எழுந்து போவார்கள்.

நான் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அந்த வித்தைக்காக வாதாட எனக்கு ஒரு காரணம் உண்டு. குற்றம் வித்தையில் இல்லை, சீட்டின் எண்ணிக்கையில் இருக்கிறது.

இதன் பரம்பரை பெரிது. 1612-இல் பிரான்சின் லியோன் நகரில் எண்களை வைத்து விளையாடும் புதிர்களுக்கென்றே ஒரு புத்தகம் வந்தது. எழுதியவர் பாஷே. 1621-இல் பழங்காலக் கணித அறிஞர் டயோபாண்டசின் கிரேக்க நூலை லத்தீனோடு சேர்த்து அச்சிட்டவரும் அவர்தான். கணித மேதை ஃபெர்மா தன் கடைசித் தேற்றம் பற்றிய புகழ்பெற்ற குறிப்பை எழுதிவைத்தது அந்தப் பதிப்பின் ஓரத்தில். அப்படிப்பட்ட ஆளின் புதிர்ப் புத்தகத்தில் சீட்டை மூன்று குவியலாகப் போட்டு நினைத்ததைக் கண்டுபிடிக்கும் வித்தை இருக்கிறது. அதற்கு அவர் சொன்ன விளக்கம் போதாது என்று பிற்காலத்தில் ரவுஸ் பால் எழுதினார். ரவுஸ் பால், நம் ராமானுஜன் போய்ச் சேர்ந்த அதே டிரினிட்டி கல்லூரிக்காரர். 1919-இல் கேம்பிரிட்ஜில் மாயவித்தைச் சங்கம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. கணக்கும் மேஜிக்கும் தெரிந்தவர் போதாது என்றால் போதாதுதான்.

இருபத்தொன்றில் நடப்பது இதுதான். முதல் தடவை வரிசையைச் சொன்னதும் சந்தேகம் ஏழு சீட்டுக்குச் சுருங்குகிறது. அந்த ஏழும் கட்டின் நடுவில், எட்டாவது முதல் பதினான்காவது வரை உட்காருகின்றன. திரும்பப் பரப்பினால் அவை வரிசைக்கு இரண்டோ மூன்றோவாகப் பிரியும். இரண்டாவது பதிலுக்குப் பிறகு மிஞ்சுவது அந்த இரண்டு மூன்றுதான். மூன்றாம் முறை பரப்பும்போது அவை வரிசைக்கு ஒன்றுக்கு மேல் போகாமல், சரியாக நான்காவது இடத்தில் விழுகின்றன. அதனால் கடைசிப் பதில் வந்த கணமே அந்த வரிசையின் நட்டநடுச் சீட்டுதான் விடை. பதினொன்று வரை எண்ணுவது வெறும் நாடகம். சித்தப்பாக்கள் பலருக்கு இது தெரியாது, தெரிந்தால் இன்னும் கொஞ்சம் மிடுக்காகச் செய்வார்கள்.

ஆனால் மிடுக்கு மட்டும் போதாது. நடுவில் வைக்காமல் வேறு எங்கேயாவது மாற்றி மாற்றி வைத்தால் இருபத்தொன்று தடுமாறிவிடும். முதலில் நடுவில், அடுத்து மேலே என்று வைத்துப் பாருங்கள். சீட்டு எப்போதும் ஒரே இடத்தில் வராது, கடைசியாகச் சொன்ன வரிசையைப் பொறுத்து இரண்டு இடங்களில் ஒன்றில் போய் விழும்.

இதற்கு வழி சொன்னவர் ஜெர்கோன். பீரங்கிப் படையில் இருந்தவர், 1792-இல் வால்மி போரில் நின்றவர், பிறகு நீம் நகரில் கணக்கு சொல்லிக்கொடுக்க வந்தவர். 1810-இல் கணிதத்துக்கென்றே ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் அது அபூர்வம். அதன் 1813-14 தொகுதியில் துருவங்களுக்கும் வளைவரைகளுக்கும் நடுவே ஒரு சீட்டு வித்தையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். பத்திரிகை ஆசிரியராக இருப்பதில் இப்படி ஒரு சௌகரியம்.

அவருடைய கணக்குப்படி மூன்று குவியலுக்கு உரிய எண்ணிக்கை 27, அதாவது மூன்றை மூன்று முறை பெருக்கியது. ஆறே சீட்டு கூடுதல். ஆனால் இப்போது நினைத்த சீட்டை ஒன்று முதல் இருபத்தேழு வரை எந்த இடத்துக்கும் கொண்டுபோகலாம்.

பள்ளிக்கூடத்துக்குச் சீட்டுக்கட்டைக் கொண்டுபோக முடியாது, சூதாட்டம் என்று பேராகிவிடும். பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை ஒரே அளவாக நறுக்கி, ஒன்று முதல் இருபத்தேழு வரை எழுதி வைத்துக்கொண்டேன். பின்பக்கம் மஞ்சள் தடவிய மூலை தெரிந்தால் அந்த அட்டையைப் பிள்ளைகள் அடையாளம் கண்டுவிடும், அதைத் தள்ளிவிட வேண்டும்.

முதலில் ஒரு பையனைக் கேட்பேன்: "உனக்குப் பிடித்த எண் எது?" இருபது என்கிறான். இன்னொருத்தியை ஓர் அட்டையை நினைத்துக்கொள்ளச் சொல்வேன். அவள் யோசிக்கும் நேரத்தில் என் கணக்கு முடிந்துவிடும். இருபதில் ஒன்று குறைத்தால் பத்தொன்பது. அதில் ஒன்பது இரண்டு தடவை, மூன்று இல்லை, ஒன்று ஒரு தடவை. பின்னாலிருந்து படித்தால் ஒன்று, பூஜ்யம், இரண்டு. அட்டைகள் முகம் மேலாகப் பரப்பியிருக்கின்றன. வரிசைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அள்ளிக் கட்டைக் குப்புறத் திருப்பினால், முதலில் அள்ளியது மேலே வந்துவிடும். ஆகவே பூஜ்யம் என்றால் அவள் சொன்ன வரிசையை முதலில் அள்ள வேண்டும், ஒன்று என்றால் நடுவில், இரண்டு என்றால் கடைசியில். இருபதுக்கு முதல் தடவை நடுவில், இரண்டாம் தடவை முதலில், மூன்றாம் தடவை கடைசியில். அவ்வளவுதான்.

பிறகு கட்டை அந்தப் பையன் கையில் கொடுத்து எண்ணச் சொல்வேன். இருபதாவதைத் திருப்புவதற்கு முன் அவள் தன் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வரிசையைச் சொன்னதால் கண்டுபிடித்தீர்கள் என்று இங்கே யாரும் சொல்வதில்லை, ஏனென்றால் நான் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஒருத்தி நினைத்த அட்டை, இன்னொருவன் கேட்ட இடத்தில் இருக்கிறது.

கொட்டாவிக்கும் ஒரு மருந்து உண்டு. மூன்று தடவை பரப்பினால் மொத்தம் 81 அட்டை. அதை வாத்தியார் ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டிருந்தால் கடைசி பெஞ்சு தூங்கிவிடும். பரப்புகிற வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடலாம், வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் போட்டால் யார் பரப்பினாலும் ஒன்றுதான். அள்ளுவது மட்டும் என் கை. எல்லோருடைய கண்ணும் பரப்புகிறவன்மேல் இருக்கும், வித்தை அள்ளும்போது நடந்துமுடிந்திருக்கும்.

ஜெர்கோன் மூன்றோடு நிறுத்தவில்லை. நான்கு குவியலுக்கு நான்கை நான்கு முறை பெருக்கி 256, ஐந்து குவியலுக்கு 3125 என்று விதி போய்க்கொண்டே இருக்கும். மார்ட்டின் கார்ட்னர் 1956-இல் எழுதிய கணித மேஜிக் புத்தகத்தில் மெல் ஸ்டோவர் என்பவர் இதைப் பத்துக் குவியலுக்குக் கொண்டுபோன சேதி இருக்கிறது. ஆயிரம் கோடி சீட்டு, குவியலுக்கு நூறு கோடி, பத்துத் தடவை பரப்ப வேண்டும். நொடிக்கு ஒரு சீட்டு என்று வைத்தாலும் ஒரு தடவை பரப்பவே முந்நூறு வருடத்துக்கு மேல் ஆகும். நினைத்த சீட்டை அதுவரை மறக்காமல் இருக்கிற ஆளையும் கையோடு தேடிக்கொள்ள வேண்டும்.